குறை சொல்லி விற்றவன்

நான் கணக்கு எழுதப் போன இடம் மட்டாஞ்சேரி. பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு பழைய கம்பெனி. குடியிருந்தது களமசேரியில், எச்.எம்.டி. ஜங்ஷனை ஒட்டி. காலையில் பஸ் பிடித்து எர்ணாகுளம், அங்கே ஜெட்டியில் படகு, மட்டாஞ்சேரியில் இறங்கி நடை. இரண்டில் ஏதாவது ஓர் ஊரில் மட்டும் இருந்திருந்தால் இணைய ஏலத்தில் பொருள் விற்க எனக்குக் கை வந்திருக்காது என்று தோன்றுகிறது. விலை எப்படிப் படிகிறது என்பதை மட்டாஞ்சேரியில் பார்த்தேன். விற்கிற பொருளைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்பது களமசேரி வீட்டில் கிடைத்த பாடம்.

யூதத் தெருவில் மிளகு வர்த்தகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957 முதல் மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடந்த இடம். முதலாளி கொடுத்தனுப்பும் சீட்டோடு போய் வாசலில் நிற்பேன். உள்ளே தரகர்கள் போன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள். முதல்முறை பார்ப்பவர்கள் சண்டை என்றுதான் நினைப்பார்கள். கொஞ்ச நாள் போனால் அந்தக் கூச்சலுக்குள் இருக்கும் ஒழுங்கு பிடிபடும். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் விலை அசையாது. இன்னொருவருக்கும் அது வேண்டும் என்று தெரிந்த நிமிடத்தில்தான் ஏறும்.

ஆனால் அந்தக் கூச்சலுக்கு முன்னால் சத்தமில்லாத ஒரு வேலை நடந்திருக்கும். எங்கள் கோடவுனில் சரக்கு பார்க்க வருகிறவர் சாக்கில் குத்தூசியை விட்டு மிளகை உள்ளங்கையில் கொட்டிக்கொள்வார். கட்டைவிரலால் தேய்ப்பார். ஊதுவார், தூசு எவ்வளவு பறக்கிறது என்று பார்ப்பார். ஒன்றைக் கடிப்பார். சலித்துச் சுத்தம் செய்ததா, செய்யாததா, சொத்தை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அந்தக் கை முடிவு செய்த பிறகே விலை பேச்சு. சாக்கின் மேல் கம்பெனி என்ன அச்சடித்திருந்தாலும் கைதான் பேசும்.

2003 டிசம்பரில் என்.சி.டி.இ.எக்ஸ். என்ற தேசியச் சந்தை தொடங்கி, அடுத்த ஆண்டில் மிளகும் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. யூதத் தெருவில் சத்தம் குறைய ஆரம்பித்தது. எங்கள் ஆபீசிலும் மேஜைமேல் ஒரு மானிட்டர் வந்து உட்கார்ந்தது. பெங்களூரிலிருந்த சித்தப்பா மகன் போன் செய்து, "பாஸி டாட் காம்னு ஒண்ணு இருக்கு, வீட்டுல கிடக்கிற பழசையெல்லாம் ஏலம் விடலாம்" என்று சொன்னதும் அந்தச் சமயத்தில்தான்.

பாஸி 2000-ல் மும்பையில் தொடங்கிய தளம். அமெரிக்காவின் ஈபே என்ன செய்ததோ அதையே இந்தியாவுக்கென்று செய்தது. 2004-ல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டில் பெயரும் ஈபே இந்தியா என்று மாறியது. நான் உள்ளே போனது இந்த மாற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

என்ன விற்பது என்பதில் எனக்கு யோசனை வேண்டியிருக்கவில்லை. தென்களமசேரியில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம், கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பி வராத கைக்கடிகாரங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. பெரும்பாலும் எச்.எம்.டி. சாவி கொடுக்கிற ஜனதா, பைலட், கோஹினூர். "வருஷக்கணக்காகக் கிடக்கு, கூலி கிடைத்தால் போதும்" என்று இரண்டைக் கொடுத்தார். களமசேரிக்காரன் எச்.எம்.டி. கடிகாரம் விற்பது பொருத்தம்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் களமசேரியில் உள்ள எச்.எம்.டி. தொழிற்சாலை ஒரு கடிகாரம்கூடச் செய்ததில்லை. 1964-ல் வந்த அந்தத் தொழிற்சாலை செய்தது லேத், பின்னால் அச்சு எந்திரங்கள். கடிகாரம் 1961-ல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கியது. முகவரியைப் பார்த்துவிட்டு "இது உங்கள் ஊரில் செய்ததா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதையே பதிலாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. செய்து முடித்த லேத்தை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் இல்லாமல் வெளியே போகமாட்டார். சித்தப்பா மகன் எனக்கு மாதிரிக்கென்று அனுப்பிய விளம்பர வாசகத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். மிக அருமையான நிலையில் உள்ளது, அரியது, தவறவிடாதீர்கள் என்கிற ரகம்.

அப்பா கேட்டுவிட்டு, "இதுல வாட்ச்சைப் பத்தி ஒண்ணுமே இல்லியே, மக்கா" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துக்கொண்டு வந்தார். லேத்தோடு வாடிக்கையாளருக்குப் போகும் சோதனை அட்டவணையின் நகல். எந்திரத்தை விற்கும்போது இப்படி அளந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற முறையை 1927-ல் ஜெர்மானியப் பொறியாளர் ஷ்லெசிங்கர் ஒரு புத்தகமாகவே வகுத்துக் கொடுத்தார். உலகத்துத் தொழிற்சாலைகளெல்லாம் அதைப் பின்பற்றின. தாளில் இடதுபக்கம் சோதனையின் படம். நடுவில் அனுமதிக்கப்படும் பிழை. வலதுபக்கம் இந்த எந்திரத்தில் கண்ட பிழை. ஸ்பிண்டில் சுழலும்போது 0.01 மில்லிமீட்டர் வரை ஆடலாம் என்றிருந்தால், ஆடியது எவ்வளவு என்று கையால் எழுதியிருக்கும். எந்தக் கட்டத்திலும் பூஜ்யம் இல்லை.

"எவ்வளவு விலகியிருக்குன்னு எழுதாத மெஷினை எவம்ல வாங்குவான்?"

அப்படித்தான் என் முதல் ஏலச் சரக்கின் விவரம் ஒரு சோதனை அட்டவணையாகப் போனது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: எச்.எம்.டி. ஜனதா, 17 கல். டயலில் 4-க்கும் 5-க்கும் நடுவே கடுகளவு ஈரக்கறை. கண்ணாடி பிற்பாடு மாற்றியது. பின்மூடியில் திறந்த இடத்தில் இரண்டு கீறல்கள். முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடுகிறது, ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது. பட்டை கிடையாது. அப்பா ரேடியோ செய்தியின் நேரத்தோடு வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு நிமிடத்தை எழுதவிட்டார். படம் எடுக்க டிஜிட்டல் கேமரா இல்லை. பல்கலைக்கழகம் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஸ்கேனர் கண்ணாடிமேல் கடிகாரத்தைக் குப்புற வைத்து, மேலே கறுப்புத் துணியைப் போட்டு ஸ்கேன் செய்தோம். சென்டர்க்காரர் சிரித்தார். படம் என்னவோ நன்றாகத்தான் வந்தது.

அந்த ஏலத்தின் நுணுக்கம் யூதத் தெருவில் கண்டதிலிருந்து ஓர் இடத்தில் வேறுபட்டது. கேட்பவர் தன்னுடைய உச்ச விலையை ரகசியமாகத் தளத்திடம் சொல்லிவைக்கலாம். ஒருவர் 800 ரூபாய் வரை போகத் தயார், இன்னொருவர் 650 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தளமே இருவருக்காகவும் படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகும். 650-ல் இரண்டாமவர் நின்றுவிடுவார். அதற்கு மேல் ஒரு படி, 10 ரூபாய் என்றால் 660-க்கு முதலாமவருக்குப் பொருள் போய்விடும். அவருடைய 800 யாருக்கும் தெரியாது, விற்கிற எனக்கும்தான். அதாவது ஜெயித்தவரின் ஆசை விலையைத் தீர்மானிப்பதில்லை, தோற்றவரின் ஆசைதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் ஆரம்ப விலையை உயர்த்தி வைக்கும் ஆசையை விட்டேன். அந்த விலைக்கே போனாலும் வயிறு எரியாது என்கிற தொகை எதுவோ அதில் ஆரம்பித்துவிடுவது. கதவு தாழ்வாக இருந்தால்தான் இரண்டாவது ஆள் உள்ளே வருவார்.

ஏலம் ஞாயிற்றுக்கிழமை இரவு முடிகிறபடி போட்டிருந்தேன். ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரம். வாரம் முழுக்கச் செத்துக் கிடந்த விலை கடைசிக் கால் மணி நேரத்தில் உயிர்பெற்றது. ரிப்பேர்க்காரருக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே நின்றது. போணி ஆனது. வாங்கியவர் சென்னைக்காரர். வங்கி டிராஃப்ட் அனுப்பினார். பார்சலை அம்மா காடாத்துணியில் வைத்துத் தைத்தாள். அரக்கு வாங்கி உருக்கித் தையல்மேல் முத்திரை வைத்தார் அப்பா. தபால் ஆபீசில் ரிஜிஸ்டர் செய்து ரசீதை வாங்கிய பிறகும், போய்ச் சேர்ந்ததா என்ற கவலை எங்கள் மூவருக்கும் இருந்தது. ஒரு வாரம் கழித்துத் தளத்தில் என் பெயருக்கு நேராக ஒரு வரி: சொன்ன கறை சொன்ன இடத்தில் இருக்கிறது.

அதைவிட நல்ல பாராட்டு எனக்குப் பிறகு கிடைத்ததில்லை. ஈபேயின் முதல் விற்பனையும் இப்படிப்பட்டதுதான் என்று பின்னால் படித்தேன். 1995-ல் அதை நிறுவிய பியர் ஒமிடியார் சோதனைக்காகப் போட்டது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. உடைந்தது என்று சொல்லியே போட்டார். 14.83 டாலருக்குப் போயிற்று. தெரிந்துதான் கேட்டீர்களா என்று வாங்கியவரிடம் விசாரித்தால், உடைந்த லேசர் விளக்குகளைத்தான் தாம் சேர்ப்பதாகச் சொன்னாராம்.

2004 டிசம்பரில் பாஸியின் தலைவர் டில்லியில் கைதான செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. யாரோ ஒருவர் அந்தத் தளத்தில் விற்பனைக்குப் போட்ட ஆபாச வீடியோவுக்காக, தளத்தை நடத்தியவரைப் பிடித்தார்கள். அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ வாட்ச் விற்கிற கம்பெனிதானே என்பது அந்தப் பார்வை. விற்பவன் செய்த காரியத்துக்கு இடம் கொடுத்தவர் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி பல வருடங்கள் கோர்ட்டில் நடந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை 2008-ல் திருத்தியபோது தளங்களுக்கான பாதுகாப்பு விரிவானதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் வழக்கு அன்று மாலையே முடிந்தது. "நீ போடுறதை நீ அளந்து போடு" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடிகாரத்திலிருந்து நான் காகிதத்துக்கு மாறியது மட்டாஞ்சேரியால். எங்கள் கம்பெனி கோடவுனின் மாடியை ஒழித்தபோது மூட்டை மூட்டையாகப் பழைய கடிதக்கட்டுகள் வந்தன. 1930-கள், 40-கள். கம்பியில் கோத்து வைத்திருந்த கவர்கள். எல்லாம் பழைய காகிதத்தை எடைக்கு எடுக்கும் ஆக்ரிக்காரருக்குப் போகவிருந்தன. முதலாளியிடம் கேட்டேன். அவர் குஜராத்தி, மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊருக்கே அவர் சேட்டு. "கணக்குப் புத்தகத்தைத் தொடாதே. உள்ளே இருக்கிற கடிதாசும் வேண்டாம். காலி கவரை எடுத்துக்கோ" என்றார்.

அந்தக் கவர்களில் இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ்காரர்களுடையது. ஒட்டினாற்போல் இருந்த மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையது. கொச்சி சமஸ்தானத்துக்குத் தனியாக அஞ்சல் இருந்தது. பெயரே அஞ்சல்தான். 1892-ல் சொந்தத் தபால்தலை வெளியிட்டார்கள். முதல் தலைகளின் மதிப்பு அணாவில் இல்லை, புத்தனில். ஆறு புத்தன் ஐந்து அணாவுக்குச் சமம். பம்பாயிலிருந்து வந்த கவரில் பிரிட்டிஷ் ராஜாவின் தலை இருக்கும். திருச்சூரிலிருந்து வந்த கவரில் தலைப்பாகையோடு கொச்சி மகாராஜா இருப்பார். இரண்டும் ஒரே கம்பியில் கோத்துக் கிடந்தன. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது பழைய தலைகளின் மேலேயே புது மாநிலத்தின் எழுத்துகளை அச்சடித்து ஓட்டினார்கள். 1951-ல் அஞ்சல் இந்தியத் தபாலோடு கரைந்தது.

எங்கள் கோடவுன் கவர்கள் தீர்ந்ததும் கப்பலண்டி முக்குப் பக்கம் ஓர் ஆக்ரிக் கடைக்குப் போகத் தொடங்கினேன். கடைக்காரரை எல்லாரையும்போல நானும் இக்கா என்றே கூப்பிடுவேன். அவர் காகிதத்தை எடைக்கு விற்பவர். ஆனால் தபால்தலையை மட்டும் கத்தரித்துத் தனியாக வைப்பார், டூரிஸ்டுகளுக்குப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு கடை அவரிடம் வாங்கும். கத்தரிக்காதீர்கள், கவரோடு இருந்தால் நான் கூட விலை தருகிறேன் என்றேன். தலை எங்கே ஒட்டப்பட்டது, எந்த ஆபீஸ் முத்திரை விழுந்தது, யாருக்குப் போனது, எத்தனை நாளில் போனது எல்லாம் கவரில்தான் இருக்கிறது. கத்தரித்த தலை வெறும் தலை.

இக்கா சந்தேகமாகப் பார்த்தார். "மோனே, எடைக்கு எடுக்கிற கடலாஸுக்கு நீ ஏன் கூடக் கொடுக்கிறாய்?" என்றார். சொன்னேன். அடுத்த முறை போனபோது கவர்களைத் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தார். நான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அதன் விலை கூடும். கண்டுகொள்ளாமல் வைத்துவிட்டால் குறையும். கேட்பவனின் முகத்தைப் பார்த்து ஏலத்தை ஒற்றை ஆளாகவே நடத்தினார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டு, கவருக்கு இவ்வளவு என்று ஒரே விலையாகப் பேசி முடித்தோம்.

கவரை விவரிப்பது கடிகாரத்தைவிடக் கடினம். கடிகாரம் ஓடும், ஓடாது. கவரில் குறை ஏழு விதம். கம்பியில் கோத்த துளை. செல்லரித்த ஓரம். நடுவில் மடிப்பு. மழைக்காலத்தில் ஏறிய பழுப்பு. முத்திரை மங்கல். தலையின் பல்வரிசையில் ஒரு பல் குறைவு. பின்பக்கம் யாரோ பென்சிலால் போட்ட மிளகுக் கணக்கு. கடைசியாகச் சொன்னதைக் குறையாகப் போட்டேன், அதற்காகவே ஒருவர் கேட்டு வாங்கினார். முன்னும் பின்னும் இரண்டு ஸ்கேன். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்யும்படி சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்குகிறவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கவருக்கும் கேள்வி அனுப்புவார். தலையின் பல்வரிசை எத்தனை? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குடை தெரிகிறதா? கொச்சித் தபால்தலைக் காகிதத்தில் குடை நீர்க்குறியாக இருக்கும். யுத்த காலத்தில் தலைக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தலைகளின்மேல் புது மதிப்பை அச்சடித்தார்கள். பல் வெட்டிய அளவும் மாறியது. இரண்டு சென்டிமீட்டரில் 11 பல்லா 13 பல்லா என்பதில் ஒரே முகம் கொண்ட இரண்டு தலைகளின் விலை ஏணிவைத்தாலும் எட்டாத தூரத்தில் நிற்கும். அவர் சொல்லித்தான் பல் எண்ணும் அளவுகோலை வாங்கினேன். என் விவரப் பட்டியலில் இரண்டு கட்டங்கள் கூடின.

ஒருமுறை இரண்டு கவர்களை ஒரே நேரத்தில் போட்டேன். ஒன்று சுத்தம், அழகு, முத்திரை அச்சுக் குத்தியதுபோல. மற்றது ஓரம் அரித்தது, நடுவில் துளை, ஆனால் சின்ன ஓர் அஞ்சல் ஆபீசின் முத்திரை விழுந்திருந்தது. அழகான கவர் ஆரம்ப விலையிலேயே போனது. அரித்த கவருக்குக் கோயம்புத்தூர் ஆசிரியரும் திருச்சூர்க்காரர் ஒருவரும் கடைசி ஐந்து நிமிடம் மோதினார்கள். திரையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் விலை மாறியிருந்தது. என் மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பங்குக்கு அது நின்றது. ஆசிரியர் தோற்றுப்போனார். மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல்: "அந்தத் துளையை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தயக்கம் வந்திருக்கும், தோற்காமல் தப்பித்திருப்பேன்."

மட்டாஞ்சேரி கோடவுனில் குத்தூசி செய்த வேலையை இங்கே அந்தப் பட்டியல் செய்தது. கை தொட முடியாத சரக்கை வாங்குகிறவர், விற்பவன் எதை மறைக்கிறான் என்றுதான் முதலில் தேடுவார். மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் அவர் கவனம் பொருளுக்குத் திரும்பும். அதற்குப் பிறகுதான் ஆசை. ஆசை இரண்டு பேருக்கு வந்தால்தான் விலை.

பணம் வருவதில் பின்னால் சிரமம் குறைந்தது. பைசாபே என்ற ஏற்பாட்டில் வாங்குபவர் தளத்திடம் பணத்தைக் கட்டுவார். கட்டிவிட்டார் என்று நமக்குச் சேதி வரும். பொருளை அனுப்பி எண்ணைப் பதிந்தால், போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகு பணம் நம் கணக்குக்கு வரும். பஜார் ரோட்டில் தலைமுறை தலைமுறையாகத் தரகர் செய்துவந்த காரியம் அது. ஏலத்தில் ஜெயித்துவிட்டுக் காணாமல் போகிறவர்களும் இருந்தார்கள். அவர்களைத் துரத்திப் பிரயோஜனம் இல்லை. இரண்டாவதாகக் கேட்டவருக்கு எழுதிப் பார்ப்பது, இல்லாவிட்டால் மறுபடி ஏலத்தில் போடுவது.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதத் தொடங்கியபோது சட்டத்தைப் படிக்க வேண்டிவந்தது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளையோ வரலாற்று மதிப்புள்ள பொருளையோ தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்களுக்கு வரம்பு 75 ஆண்டுதான். யூதத் தெருக் கடைகளில் இதைத் தெரியாதவர் கிடையாது. பழசுபோலத் தோன்றும் புது வெண்கலமும், புதுசாகத் துடைத்துவைத்த நிஜப் பழசும் அங்கே ஒரே அலமாரியில் இருக்கும். சந்தேகமானால் இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். நான் எனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வரம்பை நெருங்கியது எதுவானாலும் இந்தியாவுக்குள் மட்டும். ஒவ்வொரு வருடமும் அந்தக் கோடு ஒரு வருடம் முன்னேறி வந்து சில கவர்களை விழுங்கிக்கொண்டே இருந்தது.

கம்பெனி வேலையாக ஒருமுறை போடிநாயக்கனூர் போனேன். நறுமணப்பொருள் வாரியம் அங்கே 2007-ல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் கொண்டுவந்திருந்தது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விலை திரையில் ஏறியது. சத்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு லாட் வரும்போதும் அதன் மாதிரி தட்டில் வைத்து ஒவ்வொருவர் முன்னாலும் வந்தது. ஒரு கை பட்டனில், ஒரு கை தட்டில். நகத்தால் தோலைக் கீறி, விதையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டினார்கள். ஏலத்தைக் கணினிக்குக் கொடுத்தவர்கள் தட்டை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தட்டு அனுப்ப வழியில்லாததால்தான் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அங்கே நின்றபோது தெளிவாகப் புரிந்தது.

அப்புறம் காலம் மாறிற்று. ஏலத்தைவிட, விலை போட்டு "உடனே வாங்கு" என்று வைப்பது தளத்தில் பெருகியது. மொபைல் கவரும் சார்ஜரும் விற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஒரே மாதிரிச் சரக்குக்கு ஏலம் எதற்கு? ஒன்றே ஒன்று இருக்கிற பொருளுக்குத்தான் ஏலம். 2014-ல் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த ஜனதாவும் பைலட்டும் எகிறின. கூடவே பழைய எந்திரத்தில் புதிதாக அச்சடித்த டயலைப் பொருத்தி அசல் என்று விற்பவர்களும் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் "கண்ணாடி அசல் இல்லை, டயல் அசல், கறை உண்டு" என்று எழுதியவனிடம் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 2016-ல் அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஈபே இந்தியா 2017-ல் ஃப்ளிப்கார்ட்டிடம் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. என் பெயருக்கு நேராகச் சேர்ந்திருந்த வரிகளும் அதோடு போயின.

வரிகள் போனாலும் எழுதியவர்கள் போகவில்லை. தபால்தலைக்காரர்களும் நாணயக்காரர்களும் வாட்ஸ்அப் குழுக்களில் ஏலம் நடத்துகிறார்கள். படத்தைப் போட்டு, முடியும் நேரத்தைச் சொன்னால், கீழே தொகைகள் வந்து விழும். அங்கே ரகசிய உச்ச விலை இல்லை, தளத்தின் காவலும் இல்லை. யூதத் தெருவின் கூச்சலுக்கு இது இன்னும் பக்கம். விற்பவனைப் பற்றி நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் அங்கே முழு மூலதனம்.

தொடங்க நினைக்கிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். உன் ஊரில் எது எடைக்குப் போகிறது என்று பார், அங்கே ஆரம்பி என்று சொல்வேன். தெரியாத பொருளை மொத்தமாக வாங்கிக் குவிக்காதே. தாழ்ந்த விலையில் தொடங்கு. ஞாயிறு இரவு முடி. பணம் வந்த மறுநாள் தபால் ஆபீசில் நில். குறையை முதல் வரியில் எழுது. நான் கடைசியாகச் சொன்ன இந்த யோசனையைத்தான் யாரும் நம்புவதில்லை.

அக்கா மகன் ஒருவன் கல்லூரியில் படித்துக்கொண்டே பழைய கேமராக்களை விற்க ஆரம்பித்திருந்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டான். "தாத்தா, குறையே இல்லாத பொருளா இருந்தா என்ன எழுதுறது?"

அப்பா அவன் கையிலிருந்த கேமராவை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "இன்னும் அளந்து பாக்கலைன்னு எழுது."